வலி ஊசியும் மரத்துப்போற ஊசியும்

போன தடவை மஞ்சள் வேகவைக்கிறதைப் பத்தி ரெண்டாம் பாகம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். மஞ்சள் இன்னும் களத்துல காய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. அது ஒரு வாரம் பொறுக்கட்டும். வீட்டுல வேற ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு.

மகள் வளைகாப்பு முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலங்கறது எங்க பக்கம் இன்னும் மாறாத வழக்கம். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. இங்க வந்தும் மடியில லேப்டாப் வைக்க இடமில்லாம கட்டில்ல வச்சுத் தட்டிக்கிட்டிருக்கா. ஒரு சாயங்காலம் வாசல்ல உக்காந்து அவரைக்காய் ஆய்ஞ்சுக்கிட்டே, "அப்பா, நான் எபிடூரல் போட்டுக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னா. எனக்கு ஏதோ உரத்தோட பேர் மாதிரி இருந்துச்சு. முதுகுல சின்னக் குழாய் வச்சு மருந்து விடுவாங்க, இடுப்பு வலி தெரியாது, ஆனா முழிச்சிருப்போம், குழந்தை சாதாரணமாவே பிறக்கும்னு விளக்கினா.

சேதி சம்பந்தியம்மா காதுக்குப் போச்சு. போன்ல, "ஏனுங்க சம்பந்தி, நாங்கெல்லாம் பெக்கலைங்களா? முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் குனிஞ்சு ஒரு வேலை செய்ய முடியாதுங்க. புள்ளைக்குப் புத்தி சொல்லுங்க"ன்னாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. என் வீட்டுக்காரி மட்டும் ஒண்ணும் பேசலை. அவ பேசாம இருக்கறது அபூர்வம். நான் அதைக் கவனிக்கலை, அது என் தப்பு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆம்பளை எனக்கு இதுல என்ன பேச்சுன்னு நீங்க கேக்கலாம். முப்பது வருஷமா மாட்டுக்குப் பிரசவம் பாக்கறேன். முன்னங்கால் ரெண்டும் தலையும் சேர்ந்து வந்தா சரி, ஒரு கால் மடங்கியிருந்தா கையில எண்ணெய் தடவி உள்ள தள்ளி நேராக்கணும், இதெல்லாம் தெரியும். சொந்தப் பொண்டாட்டி பிரசவத்தப்ப ஆஸ்பத்திரிக்கு வெளிய வேப்பமரத்தடியில பீடி குடிச்சுக்கிட்டு நின்னவன் நான். இப்ப ஆஸ்பத்திரிச் செலவு என் தலையில, சம்மதமும் கேக்கறாங்க. தெரியாம தலையாட்ட வேண்டாம்னு படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க இது எங்க வீட்டுச் சண்டை மட்டும் இல்லைன்னு தெரிஞ்சுது. நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல உலகம் பூரா நடந்த சண்டை.

முதல்ல எங்க ஊர்க் கதை.

நான் வீட்டுல பொறந்தவன். காளிங்கராயன் வாய்க்கால் பக்கத்துல எங்க பழைய ஓட்டு வீடு. நெல்லு மூட்டை அடுக்கற உள் அறையில கோணிச்சாக்கு விரிச்சு, அதுமேல பழைய சேலை போட்டு அம்மாவைப் படுக்க வச்சாங்களாம். படுக்க வச்சாங்கன்னு சொல்றது கூடத் தப்பு. படுக்கவே விட மாட்டாங்களாம். விட்டத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டு, வலி வர்றப்ப அதைப் புடிச்சுக்கிட்டுக் குந்த வைப்பாங்க. வலி விட்டா எந்திரிச்சு நடக்கணும். பின்னாடி ஒருத்தி இடுப்பைத் தாங்கிப் புடிச்சுக்கணும். விளக்கெண்ணெயை லேசாச் சூடு பண்ணி வயித்துலயும் இடுப்புலயும் தேய்ப்பாங்க. வெந்நீரை இடுப்புல தாரையா ஊத்துவாங்க. இதெல்லாம் அப்பத்தா சொல்லக் கேட்டது.

வலி வந்ததும் முதல்ல சீரகத்தைக் கொதிக்க வச்சுக் குடுப்பாங்க. சூட்டு வலியா இருந்தா அதுல அடங்கிடும், நெசவலின்னா இன்னும் ஏறும். அதுதான் அன்னைக்கு ஸ்கேன்.

இதையெல்லாம் செஞ்ச மருத்துவச்சி நாவிதர் வீட்டு அம்மா. எங்க ஊர்லயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் ஒரு தலைமுறையையே பூமிக்கு வாங்கிப் போட்ட கை. அறுவடைக்குக் களத்துல அளக்கற நெல்லும், குழந்தை பொறந்தா ஒரு சேலையும்தான் கூலி. அவங்க வாசல்ல நிப்பாங்க, பிரசவம்னா மட்டும் உள்ள வரலாம். பொடிப்பசங்க நாங்க கூட அவங்களைப் பேர் சொல்லி வா, போன்னுதான் கூப்பிடுவோம். இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு. அந்த அம்மா இருந்தப்ப ஒரு நாள் கூட 'வாங்க'ன்னு சொல்லலை.

பழசெல்லாம் பொன்னுன்னு எழுதினா நகரத்துல இருக்கற உங்களுக்குப் படிக்க நல்லா இருக்கும். எனக்கு எழுத மனசு வராது. எனக்கு முந்திப் பொறந்த அண்ணன் எட்டாம் நாள் ஜன்னி கண்டு வாய் கிட்டிப்போய்ச் செத்தான். தொப்புள்கொடியை அறுத்தது கதிர் அறுக்கற கருக்கருவாள். ஜன்னின்னா என்னன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது, 'காத்துக் கருப்பு'ன்னு சொல்லிட்டாங்க. துருவும் மண்ணும் பட்டு வர்ற அதே வியாதிதான், இன்னைக்கு மம்புட்டி கால்ல பட்டா நான் ஓடிப்போய் ஊசி போட்டுக்கறதும் அதுக்குத்தான்.

அப்பாவோட தங்கச்சி, எங்க சின்ன அத்தை, 1976-ல தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாங்க. எனக்கு ஏழு வயசு. ரெண்டு நாள் வலி. மூணாம் நாள் குழந்தையோட கை முதல்ல வந்துடுச்சு. குழந்தை குறுக்க கெடந்திருக்கு. மருத்துவச்சி வெளிய வந்து, "என் கையில இல்லீங்க சாமி, ஈரோட்டுக்குக் கொண்டு போங்க"ன்னு அப்பாகிட்டக் கும்பிட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வண்டி பூட்டிப் பதினாலு மைல். பாதி வழியிலயே வண்டி திரும்பிடுச்சு. அப்பத்தா அதுக்கப்புறம் அந்த உள் அறைக்குள்ள போகவே இல்லை, நெல்லு எடுக்கறதுன்னாக் கூட அம்மாவைத்தான் அனுப்புவாங்க.

அத்தைக்கு வேண்டியிருந்தது வலி போக்கற மருந்து இல்லை. கத்தி வைக்கத் தெரிஞ்ச ஒரு டாக்டரும், அங்க போய்ச் சேர ஒரு வண்டியும். வலி வேற, ஆபத்து வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதுதான் எல்லாக் காலத்துலயும் நடந்திருக்கு.

இனி வெளியூர்க் கதை. ஸ்காட்லாந்து நாட்டுல எடின்பரோன்னு ஒரு ஊர். அங்க ஜேம்ஸ் யங் சிம்ப்சன்னு பிரசவ டாக்டர். 1847 ஜனவரியில ஈதரை மோந்து பாக்க வச்சு ஒரு பிரசவம் பாத்தார். ஈதர் நாத்தம், இருமல், அதனால வேற ஏதாவது கிடைக்குமான்னு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நண்பர்களோட உக்காந்து ஒவ்வொரு திரவமா மோந்து பாப்பாராம். நவம்பர் மாசம் ஒரு ராத்திரி குளோரோஃபார்மை மோந்தாங்க. கண்ணு முழிச்சுப் பாத்தா எல்லாரும் மேசைக்கு அடியில கெடக்கறாங்க. சில நாள்லயே அதைப் பிரசவத்துக்குக் கொண்டு வந்துட்டார். இந்தக் காலத்துல இப்படி ஆராய்ச்சி பண்ணினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க.

எதிர்ப்பு வந்துச்சு. வலியோட பெறுவாய்னு கடவுளே ஏவாளுக்குச் சொல்லியிருக்கார், அதை மாத்த நீ யாருன்னு சிலர் கேட்டாங்க. சிம்ப்சன் அதே பைபிளை எடுத்துக்கிட்டார். ஆதாமோட விலா எலும்பை எடுக்கறதுக்கு முன்னாடி கடவுள் அவனைத் தூங்க வைக்கலையான்னு கேட்டு ஒரு சின்னப் புத்தகமே போட்டார். சாமி பேரைச் சொல்லி வந்தா சாமி பேராலதான் பதில் சொல்லணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. டாக்டர்களும் எதிர்த்தாங்க. அமெரிக்காவுல பிலடெல்பியா ஊர்க்காரர் சார்லஸ் மெய்க்ஸ், அன்னைக்குப் பெரிய பிரசவ டாக்டர். பிரசவ வலி இயற்கையோட சக்தி, அது நல்லதுதான், அதை அடக்கக்கூடாதுன்னு எழுதினார். இதே மனுஷன்தான் டாக்டரோட கையால பிரசவக் காய்ச்சல் பரவுதுங்கறதையும் ஒத்துக்க மாட்டேன்னார். ரெண்டுலயும் அவர் சொன்னது நிக்கலை.

1853 ஏப்ரல்ல விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். ஜான் ஸ்னோங்கற டாக்டர் கைக்குட்டையில குளோரோஃபார்மைச் சொட்டுச் சொட்டா விட்டு மூக்குக்கிட்டப் புடிச்சார். 53 நிமிஷம். மயங்க விடலை, வலி மட்டும் மட்டுப்பட்டுச்சு. இதே ஸ்னோதான் மறு வருஷம் லண்டன்ல காலரா தண்ணிக் குழாய் வழியாப் பரவுதுன்னு கண்டுபிடிச்சவர். மகாராணியே போட்டுக்கிட்டா, இனி யார் என்ன சொல்றது? ஏழு பெத்து எட்டாவதுக்குத்தான் அந்த அம்மாவுக்கும் கிடைச்சிருக்குன்னு என் வீட்டுக்காரி சொன்னா.

அதே 1847-ல வியன்னா ஊர்ல இன்னொண்ணு நடந்திருக்கு. என்னைக் கேட்டா இதுதான் பெருசு. அங்க ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு. ஒண்ணுல டாக்டருக்குப் படிக்கறவங்க, இன்னொண்ணுல மருத்துவச்சிக்குப் படிக்கறவங்க. டாக்டர் வார்டுல நூறு தாய்மார்ல சுமார் பத்துப் பேர் காய்ச்சல்ல செத்தாங்க. மருத்துவச்சி வார்டுல நாலு பேர். ஊருக்கே இது தெரியும். டாக்டர் வார்டுல போடாதீங்கன்னு பொம்பளைங்க கும்பிட்டு அழுவாங்களாம். செம்மல்வெய்ஸ்னு ஒரு இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபுடிச்சார். படிக்கற பசங்க காலையில பொணத்தை அறுத்துட்டு அதே கையோட பிரசவம் பாக்க வந்திருக்காங்க. குளோரின் சுண்ணாம்புத் தண்ணியில கை கழுவ வச்சார். கிட்டத்தட்ட நம்ம ஊர்க் கிணத்துல போடற பிளீச்சிங் பவுடர்தான். சாவு மளமளன்னு குறைஞ்சுது. டாக்டர்களுக்கு அது அவமானமாப் போச்சு, அவர் சொன்னதை ரொம்ப வருஷம் ஏத்துக்கலை.

வீடா ஆஸ்பத்திரியா, மருத்துவச்சியா டாக்டரான்னு யாராவது சண்டை போட்டா எனக்கு அந்த வியன்னா வார்டுதான் ஞாபகம் வருது. பேருக்கு ஆஸ்பத்திரின்னா ஆகிடாது. கை சுத்தமான்னு பாக்கணும்.

சென்னையில 1844-லயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துடுச்சு, இன்னைக்கு எழும்பூர்ல இருக்கறது அதுதான். ஆனா வீட்டை விட்டு வராத பொம்பளைங்க, ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுன்னு இருந்த குடும்பங்க, அங்க எட்டிப் பாக்கலை. மேரி ஷார்லிப்னு ஒரு வெள்ளைக்காரம்மா 1875-ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்த முதல் பொம்பளைங்கள்ல ஒருத்தர். அவங்க முயற்சியில 1885-ல பொம்பளைங்களுக்குன்னே தனி ஆஸ்பத்திரி வந்துச்சு. கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்களே, திருவல்லிக்கேணியில இருக்கற கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அதுதான்.

வேலூர்க் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் சொல்றேன். 1890-கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பேர் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா வந்து, என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, வந்து பாருங்கன்னு ஐடா ஸ்கட்டர்ங்கற சின்னப் பொண்ணைக் கூப்பிடறாங்க. அந்தப் பொண்ணு டாக்டர் இல்லை. எங்கப்பா டாக்டர், அவர் வருவார்ங்கறா. ஆம்பளை தொடறதாயிருந்தா வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிடறாங்க. விடிஞ்சா மூணு வீட்டுலயும் சாவு. அந்தப் பொண்ணு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900-ல திரும்பி வந்து வேலூர்ல ஆரம்பிச்ச வேலைதான் இன்னைக்கு சி.எம்.சி. அந்த மூணு புருஷன்மாரையும் திட்ட எனக்கு வாய் வரலை. எங்கப்பா மட்டும் என்ன, முதல் நாளே வண்டி பூட்டியிருக்கலாமே.

குளோரோஃபார்ம்ல ஒரு சிக்கல், சில பேருக்கு நெஞ்சே நின்னுடும். அது எதனாலன்னு சோதனை பண்ணினது நம்ம நாட்டுல, ஹைதராபாத்துல, 1888-லயும் 1889-லயும். நிஜாமோட பணத்துல நூத்துக்கணக்கான நாய்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. ரூபா பாய் ஃபர்தூன்ஜின்னு ஒரு பார்சி அம்மா அந்த ஊர்லதான் மயக்க மருந்து டாக்டரா இருந்தாங்க. உலகத்துலயே முதல் பெண் மயக்க டாக்டர்னு அவங்களைச் சொல்றாங்க.

அப்புறம் ஜெர்மனியில ஃப்ரைபர்க்ங்கற ஊர்ல 1906 வாக்குல ஒரு முறை வந்துச்சு. அந்தித் தூக்கம்னு பேர் வச்சாங்க. மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்த ஊசி. போட்டா வலி போயிடும்னு நினைச்சுக்காதீங்க. வலி இருக்கும், கத்துவாங்க, புரளுவாங்க. கையைக் கட்டிக் கூட வச்சிருக்காங்க. முழிச்ச பின்னாடி ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். 1914-ல அமெரிக்கப் பொம்பளைங்க இதைக் கேட்டு சங்கமே வச்சு ஊர் ஊராக் கூட்டம் போட்டாங்க. பொறந்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறவும்தான் பிரச்சினை தெரிஞ்சுது. கஷ்டத்தைப் பட்டுட்டு மறந்து போறது நல்லதா கெட்டதான்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். பதில் வரலை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு கிளம்புச்சு. கிராண்ட்லி டிக்-ரீடுங்கற இங்கிலீஷ் டாக்டர் 1933-ல ஒரு புத்தகம் எழுதினார். பயந்தா உடம்பு இறுகும், இறுகினா வலி கூடும், பயத்தைப் போக்கினா வலி குறையும்னார். பிரான்சுல லமாஸ்னு ஒருத்தர் 1951-ல ரஷ்யா போய்ப் பாத்துட்டு வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தார். என் மகள் யூடியூப் பாத்து மூச்சு விடறாளே, அதுக்கு மூலம் அங்கதான் இருக்கு. இதைப் படிச்சதும் எனக்கு எங்க உள் அறைதான் ஞாபகம் வந்துச்சு. கயிறு, நடை, வெந்நீர், இடுப்பைப் புடிச்சுக்க ஒருத்தி. காலத்துக்கும் அங்க இருந்ததைத்தான் இவங்க புத்தகமாப் போட்டிருக்காங்க. ஆனா அந்த அறைக்குள்ள பயம் இல்லாம இருந்துச்சான்னு கேட்டா, சின்ன அத்தையைத்தான் கேக்கணும்.

லிவர்பூல்ல மின்னிட்னு ஒரு டாக்டர் 1930-கள்ல சிரிப்பு வாயுவையும் காத்தையும் கலந்து குடுக்கற சின்ன மெஷின் செஞ்சார், மருத்துவச்சி வீட்டுக்கே தூக்கிக்கிட்டுப் போகலாம். அந்த வழியில வந்த வாயு இங்கிலாந்துல இன்னும் சாதாரணமாக் குடுக்கறாங்களாம். தாயே முகமூடியைக் கையில புடிச்சு, வலி வர்றப்ப இழுத்துக்கலாம், வேண்டாம்னா வச்சுடலாம். இது எனக்குப் புடிச்சிருந்துது. நம்ம பக்கம் நாங்க விசாரிச்ச ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் இல்லை.

நம்ம கிராமத்துல 'வலி ஊசி'ன்னு ஒண்ணு உண்டு. நகரத்துல இருக்கறவங்க வலி போக்கற ஊசின்னு நினைப்பீங்க. அது வலியை வரவைக்கற ஊசி. ஆக்சிடோசின். வலி வந்தாத்தான் பிரசவம், சீக்கிரம் வந்தா சீக்கிரம் முடியும், அதனால எங்க பொம்பளைங்களே, "நர்சம்மா, வலி ஊசி போடுங்க"ன்னு கேட்டு வாங்குவாங்க. வலியைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதா எனக்குத் தெரியலை. இந்த ஆக்சிடோசின்தான் சில பேர் எருமைக்குக் குத்திப் பால் கறக்கறது. சட்டப்படி தப்பு, மாட்டுக்கும் கெடுதல், எங்க தொழுவத்துக்குள்ள அந்த ஊசி வந்ததில்லை. டாக்டர் கண்ணு முன்னாடி, அளவாச் சொட்டுச் சொட்டா ஏத்தினா பிரசவத்துக்கு நல்ல மருந்துதான். பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கு வராம நிறுத்தறதும் அதுதான். வீட்டுல வச்சு யாரோ ஒரு கம்பவுண்டர் ஒரே குத்தாப் போட்டுக் கருப்பை கிழிஞ்ச கதையும் உண்டு.

சரி, என் வீட்டுக்காரி கதைக்கு வர்றேன்.

1996-ல இந்த மகள் பொறந்தது ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில. எந்த ஊர்னு வேண்டாம். வேப்பமரத்தடியில நான் நின்னேன்னு சொன்னேனே, அங்கதான். சாயங்காலம் ஆயா வந்து பொட்டப்புள்ளைன்னு சொல்லி அம்பது ரூபா வாங்கிட்டுப் போனாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். சம்பந்தியம்மா போன் பேசின அன்னைக்கு ராத்திரி, எல்லாரும் படுத்த பின்னாடி, இருபத்தி எட்டு வருஷம் கழிச்சு மீதியைச் சொன்னா.

"எங்கம்மாவைக் கதவுக்கிட்டயே நிறுத்திட்டாங்க. உள்ள எட்டுப் பேர். மறைப்பு ஒண்ணும் கெடையாது. படுத்தது படுத்தபடி, திரும்பக்கூட விடலை. கத்தினேன். அதுக்கு அந்தம்மா தொடையில படீர்னு அடிச்சுட்டு, 'புருஷன்கிட்டப் படுக்கறப்ப இனிச்சுதில்ல, இப்ப எதுக்குடி கத்தற'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மரத்துப்போக ஒண்ணும் போடாமத்தான் தையல் போட்டாங்க. தையலைக் கூட மறந்துட்டேங்க. அந்தச் சிரிப்பை மறக்க முடியலை."

நான் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "உங்ககிட்டச் சொல்லி?"ன்னா. அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாப்பாவுக்கு அந்த ஊசியைப் போடச் சொல்லுங்க. நாம தாங்கினோம்னு புள்ளையும் தாங்கணுமா?"ன்னா.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு இருந்தது இன்னைக்கு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர்ல 1987-ல ஆரம்பிச்ச மகப்பேறு உதவித் தொகை, முந்நூறு ரூபாயில இருந்து இன்னைக்குப் பதினெட்டாயிரம் வரை வந்திருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு நர்சுங்க முறை மாத்தி ராத்திரி பகலா இருக்காங்க. 2008-ல 108 வண்டி வந்துச்சு. பிரசவ அறைக்குள்ள கூட ஒரு பொம்பளை துணைக்கு இருக்கலாம்னும் வந்தாச்சு. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். சின்ன அத்தை மாதிரி பாதி வழியில திரும்பற வண்டியை என் மகள் வயசுக்காரங்க யாரும் பாத்திருக்க மாட்டாங்க. இது சாதாரண விஷயம் இல்லை.

அதே கணக்குல இன்னொரு எண்ணும் இருக்கு. நம்ம மாநிலத்துல நூத்துக்கு 44.9 பிரசவம் சிசேரியன். சர்க்கார்ல 36, தனியார்ல 63.8. தாய்க்கும் பிள்ளைக்கும் நெசமா வேண்டியது நூத்துக்குப் பத்துப் பதினஞ்சுதான்னு உலக சுகாதார நிறுவனம் 1985-லயே சொல்லிட்டாங்க. மீதி எங்கிருந்து வந்துச்சு? ஆஸ்பத்திரி வருமானம்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஜோசியர்கிட்ட நட்சத்திரம் குறிச்சு வாங்கிட்டுப் போய், காலையில ஆறரை மணிக்குள்ள எடுத்துடுங்கன்னு கேட்ட ஆள் எங்க சொந்தத்துலயே இருக்கார். வலிக்குப் பயந்து, கத்தியே தேவலைன்னு கேக்கற புள்ளைங்களும் இருக்கு. அதுங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். வலி குறைக்க வேற வழி இருக்குன்னு யாரும் சொல்லலைன்னா அதுங்க என்ன செய்யும்.

போன செவ்வாய் ஆஸ்பத்திரி போயிருந்தோம். மயக்க டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. அரைமணி நேரம் உக்காந்து சொன்னாங்க. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற உறைக்கு வெளியதான் குழாய் நிக்கும். உள்ள போகாது. ஸ்பெயின் நாட்டுல ராணுவ டாக்டர் ஒருத்தர் 1921-ல எழுதி வச்ச முறை, அப்புறம் மெருகேறினது. மருந்து போட்டுக் கால்மணி இருபது நிமிஷத்துல வலி குறையும். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம், அதனால கை விட்டுப் போக மாட்டோம். கால் கனக்கலாம், உடம்பு அரிக்கலாம். சில பேருக்கு ரெண்டு மூணு நாள் தலைவலி வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. முக்கற நேரம் கொஞ்சம் நீளும், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வரலாம். இதனால சிசேரியன் கூடறதில்லைன்னு ஆராய்ச்சி சொல்லுதுன்னாங்க. முதுகுவலியைப் பத்தி நான் சம்பந்தியம்மா சார்பாக் கேட்டேன். ஊசி குத்தின இடம் சில நாள் நோகும், காலத்துக்கும் வர்ற முதுகுவலிக்கு அது காரணம் இல்லை, ஊசி போடாதவங்களுக்கும் அதே அளவு வருதுன்னாங்க.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா நீங்க இருப்பீங்களா மேடம்?"னு மகள் கேட்டா. அந்தக் கேள்விக்குத்தான் அந்தம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. நான் இல்லைன்னா இன்னொருத்தர் இருப்பார், வர அரைமணி ஆகலாம், அதுக்குள்ள குழந்தை வந்துட்டா ஊசி இல்லாமத்தான்னு நேராச் சொன்னாங்க. அந்த நேர்மை எனக்குப் புடிச்சுது. பொறந்த குழந்தைக்கு ஒரு நிமிஷத்துலயும் அஞ்சாவது நிமிஷத்துலயும் மார்க் போடுவோம்னும் சொன்னாங்க. நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, நிறம், அசைவு, தட்டினா சிணுங்குதா, அஞ்சும் சேர்த்துப் பத்துக்கு. அதைக் கொண்டு வந்த வர்ஜீனியா அப்கார் அமெரிக்காவுல மயக்க டாக்டரா இருந்தவங்க, 1952-ல. தாய்க்குக் குடுக்கற மருந்து பிள்ளையை என்ன பண்ணுதுன்னு பாக்க ஒரு அளவுகோல் வேணும்னு யோசிச்சவங்க. மருந்து வேணும்னவங்களுக்குள்ள இருந்தே அந்தக் கேள்வி வந்திருக்கு.

ஊசிக்குத் தனியாப் பதினஞ்சாயிரம். மஞ்சள் ரெண்டு மூட்டை போட்டா ஆச்சு. இதே ஊசி எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்காது, மயக்க டாக்டர் அங்க இல்லை. எங்க தோட்டத்துக்குக் களை வெட்ட வர்ற அம்மாவோட மகளுக்கும் அடுத்த மாசம்தான். அவகிட்ட இதைப் பத்திப் பேச எனக்கு வாய் வரலை.

மகள் முடிவு பண்ணிட்டா. முதல்ல நடப்பாளாம், வெந்நீர் ஒத்தடம் குடுக்கணுமாம், தாங்க முடியலைன்னா ஊசி கேப்பாளாம், கேட்டா யாரும் ஒண்ணும் பேசக்கூடாதாம். சம்பந்தியம்மாகிட்ட அவளே பேசிட்டா. என்ன பேசினான்னு தெரியலை, மறுநாள் அவங்க செலவு மருந்துக்குத் திப்பிலியும் சித்தரத்தையும் வாங்கிக் குடுத்து விட்டிருந்தாங்க.

உள்ள ஒருத்தர்தான் கூட இருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மாப்பிள்ளை லீவு போட்டுட்டுக் காத்திருக்கார். "நான் போறேன்"னு என் வீட்டுக்காரி சொன்னா. மாப்பிள்ளை ஒண்ணும் பேசலை, என்னைப் பாத்தார். "அம்மாவும் வரட்டும், நீங்களும் வாங்க, மாத்தி மாத்தி"ன்னு மகள் சொல்லிட்டா. நேத்து என் பழைய வேட்டி நாலைக் கிழிச்சு, வெந்நீர்ல அலசி, வெயில்ல போட்டு மடிச்சுப் பையில வச்சாச்சு. செவலை மாட்டுக்கும் மடி இறங்கிடுச்சு, இந்த வாரமோ அடுத்த வாரமோ. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருந்தா அதைப் பாத்துக்க நான் ஒருத்தன்தான், அதனால தொழுவத்துல புதுசா ஒரு பல்பு மாட்டியிருக்கேன்.